ஐம்பத்தெட்டு

கிளிநொச்சியில், கரடிப்போக்குச் சந்திக்கு உள்ளே,
முன்பு நெல் மூட்டை அடுக்கிய களஞ்சியத்தில்
பத்து மீற்றர் அளந்து கோடு கீறியிருக்கிறோம்.
கச்சான் காற்று கதவு வரைக்கும் வந்து நிற்கும்.
உள்ளே காற்றென்றால்
துவக்கின் சிலிண்டருக்குள் நாங்கள் அடைத்தது மட்டும்தான்.

மேசையில் நாலு பேணி.

முதலாவதில் கூர்மூக்குச் சன்னம்.
முயலுக்கும் கொக்குக்கும் செய்தது.
கடதாசியைக் கிழிக்கும், துளைக்காது.
கிழிசல் ஒன்பதா பத்தா என்று தெரியாமல்
நடுவர் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார்.

இரண்டாவது தட்டைத்தலை, மலிவு.
இருபதை எடுத்துப்போய் நகைக்கடைத் தராசில் நிறுத்தேன்.
"என்ன பிள்ளை, மூக்குத்தியோ?" என்றார் கடைக்காரர்.
ஒன்றின் எடை ஒன்றுக்கு இல்லை.
ஒரே பேணியில் இருந்துகொண்டு
ஒரே இடத்துக்குப் போகமாட்டோம் என்கின்றன.

மூன்றாவதும் நாலாவதும் ஒரே ஜெர்மன் தொழிற்சாலை.
ஒரு மூடியில் நாலு தசம் ஐந்து சைபர்,
மற்றதில் நாலு தசம் நாலு ஒன்பது.
மில்லிமீற்றரில் நூறிலொரு பங்கு.
அந்தப் பங்குக்கு மூன்று கடிதம், ஆறு மாதம்,
"நோக்கம்" என்ற கட்டத்தில் நான் வெட்டி வெட்டி எழுதிய இரண்டு வரி.
வவுனியாவுக்கு இப்பால் பஸ்ஸை மறித்த சிப்பாய்
பேணியைக் காதருகே வைத்துக் கிலுக்கிப் பார்த்தான்.
ஈயத்துக்குச் சிங்களத்தில் எனக்குச் சொல் தெரியாது.
விளையாட்டுக்குத் தெரிந்திருந்தது.

துவக்கை இடுக்கியில் பூட்டி ஐந்தைந்தாய்ச் சுட்டேன்.
ஐந்து சைபர் ஒரு சட்டைப் பொத்தான் அளவுக்குப் பரந்தது.
நாலு ஒன்பது ஐந்தும்
ஒரு மிளகுக்கு மேல் இடம் கேட்கவில்லை.
எனக்கு முன் மூன்று பேரின் தோளில் இருந்த துவக்கு.
இதுதான் வேண்டும் என்கிறது, காரணம் சொல்லாது.

பகலில் என் வேலை முகமாலைப் பக்கம்,
முழங்காலில் இருந்து மண்ணை விரற்கடை விரற்கடையாய் வழிப்பது.
வருகிற கோதுகளின் அடியிலும் தொழிற்சாலை இலக்கம் உண்டு.
ஆண்டும் சிலவற்றில் இருக்கும்.
அவற்றையும் யாரோ ஒருவர்
மேசையில் பரப்பி, நிறுத்து,
பொருத்தமானதென்று தெரிந்திருப்பார்.
நான் பதிவேட்டில் எண்ணிக்கை மட்டும் எழுதுவேன்.

முதல்நாள் முதல் வெடிக்கு
(வெடி என்பதே அதிகம், சோடாப் போத்தல் திறக்கிற சத்தம்)
பக்கத்துச் சலூன் நேசராசா
நுரை பூசிய வாடிக்கையாளரையும் இழுத்துக்கொண்டு
கதிரைக்குக் கீழே படுத்துவிட்டாராம்.
சிரித்துத்தான் சொன்னார்.
அந்த ஆளுக்குக் காதோரம் ஒரு கீறல். காசு வாங்கவில்லை.

இன்று போட்டிக் கணக்கு: அறுபது.
முடித்து, ஈயம் போக இரண்டு தரம் சவர்க்காரம் போட்டுக் கழுவி
வெளியே வந்தால்
கத்தியைத் தோல்வாரில் தீட்டியபடி வாசலில் நிற்கிறார்.

"ஐம்பத்தெட்டுத்தான் எண்ணினன்."

ஓம், ஐம்பத்தெட்டுத்தான்.
இரண்டின் பாவாடை நசுங்கியிருந்தது.
சன்னத்தின் பின்விளிம்பை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்.
நசுங்கினால் நேராய்ப் போகாது என்றேன்.

"அப்ப அந்த ரெண்டும் எங்க?"

குரலில் பகிடி இல்லை.
தீட்டுவது நின்றிருந்தது.

பையைத் திறந்து, பஸ் ரிக்கற்றில் மடித்து வைத்திருந்ததை
அவர் உள்ளங்கையில் கொட்டினேன்.
ஒன்று. இரண்டு.
விரலால் உருட்டிப் பார்த்தார்.
உள்ளே போய், கண்ணாடிக்கு முன்னாலிருந்த
பவுடர்ப் பேணியின் மூடியைத் திறந்து
போட்டு மூடினார்.

"சரி, அறுபது."

கதிரையில் காத்திருந்தவரின் தலையை
மெல்ல முன்னுக்குச் சாய்த்தார்.